பெரியவர்களின் விளையாட்டு



அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் முர்ரே ஹில் பகுதியில் பெல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஒரு காலத்தில் அதன் நீண்ட தாழ்வாரத்தில் ஒருவர் ஒற்றைச் சக்கர சைக்கிளில், பந்துகளை மேலே வீசிப் பிடித்தபடி போவார். சர்க்கஸ்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்தான் க்ளாட் ஷானன். 1948-ல் தகவல் கோட்பாட்டை உலகுக்குத் தந்த கணித மேதை. இன்று நம் செல்போனிலிருந்து ஒரு படம் சிதையாமல் போய்ச் சேருகிறதென்றால், அவர் போட்ட கணக்கு அதற்கு அடித்தளம்.

அந்தக் கோட்பாட்டை எழுதி முடித்த பிறகு அவர் செய்தது என்ன தெரியுமா? ஒரு பொம்மை எலி.

1950-ல், தம் முப்பத்து நான்காவது வயதில், அதற்கு தீசியஸ் என்று பெயரும் வைத்தார். 25 கட்டங்கள் கொண்ட ஒரு பலகை, நினைத்தபடி மாற்றி வைக்கக்கூடிய தடுப்புச் சுவர்கள், செம்புக் கம்பி மீசையோடு ஒரு சின்ன எலி. பலகைக்கு அடியில் நகரும் மின்காந்தம்தான் எலியை இழுத்துச் செல்லும். முதல் சுற்றில் எலி முட்டி மோதித் தடுமாறும். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் கடைசியாக எந்தப் பக்கம் வெளியேறியது என்பதைத் தொலைபேசி ரிலேக்கள் எனப்படும் மின் சுவிட்சுகள் நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த சுற்றில் எலி எங்கும் முட்டாமல் நேரே இலக்குக்குப் போய்விடும். சுவரை மாற்றினால் மறுபடி தேடிக் கற்றுக்கொள்ளும். எந்திரம் ஒன்று கற்றுக்கொள்வதை உலகம் கண்ட முதல் காட்சிகளில் அதுவும் ஒன்று.

ஆனால் இதைச் சொல்லி, விளையாடினால் பெரிய கண்டுபிடிப்பு கிடைக்கும் என்று ஆசை காட்டுவது சரியல்ல. ஷானன் நெருப்புக் கக்கும் ட்ரம்பெட் செய்தார். ரோமன் எண்களில் கணக்குப் போடும் எந்திரம் செய்தார். பந்து வீசிப் பிடிக்கும் வித்தைக்கு ஒரு சமன்பாடே எழுதினார். இவற்றால் அவருக்குப் பணமோ பட்டமோ கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் கதை இன்னும் நெருக்கமானது. அணுகுண்டுத் திட்டத்தில் உழைத்தவர். 1945-ல் இளம் மனைவியைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். போர் முடிந்து கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது மனம் வறண்டு கிடந்தது. ஆராய்ச்சி ஓடவில்லை. ஒரு நாள் உணவகத்தில் யாரோ ஒரு தட்டைச் சுழற்றி மேலே எறிந்தார்கள். அது சுழன்றபடியே தள்ளாடியது. சுழற்சிக்கும் தள்ளாட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று ஃபெய்ன்மன் கணக்குப் போட உட்கார்ந்தார். இதனால் என்ன பயன் என்று மூத்த விஞ்ஞானி ஹான்ஸ் பெத்தே கேட்டார். பயன் ஒன்றுமில்லை, விளையாட்டுக்குத்தான் என்றார் ஃபெய்ன்மன். தமக்கு 1965-ல் நோபல் பரிசு வாங்கித் தந்த வேலைக்கு அந்தத் தட்டே வழிவிட்டது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். பரிசைவிடப் பெரிய செய்தி, உடைந்து கிடந்த ஒரு மனிதர் மறுபடி எழுந்து உட்கார்ந்தார் என்பதுதான்.

“இதனால் என்ன பிரயோஜனம்?” இந்தக் கேள்வி நம் வீடுகளிலும் ஓயாமல் ஒலிக்கிறது. கல்யாணமாகிவிட்டது, பிள்ளை பிறந்துவிட்டது, இன்னும் என்ன விளையாட்டு என்கிறார்கள். களைத்த இரவில் செல்போன் திரையைத் தள்ளிக்கொண்டே கிடப்பதை யாரும் தடுப்பதில்லை; நாற்பது வயதுக்காரர் பட்டம் செய்ய உட்கார்ந்தால்தான் ஊர் சிரிக்கிறது.

நம் முன்னோர்கள் அப்படிச் சிரித்ததாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டின் பழைய கோயில் மண்டபங்கள் சிலவற்றில் தரையைக் குனிந்து பாருங்கள். ஆடுபுலி ஆட்டத்துக்கான கோடுகள் கருங்கல்லிலேயே செதுக்கப்பட்டிருக்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு. உளி பிடித்துக் கல்லில் கோடு இழைத்தது குழந்தையின் கையாக இருக்க முடியாது. திண்ணைகளில் தாயம் உருண்டது. பாட்டிமார் பல்லாங்குழியில் புளியங்கொட்டையை அள்ளி அள்ளிப் போட்டார்கள். பேரப்பிள்ளைக்காக மட்டும் அவர்கள் ஆடவில்லை. தோற்றால் கோபித்துக்கொண்டு இன்னொரு ஆட்டம் கேட்கும் அளவுக்குத் தங்களுக்காகவே ஆடினார்கள்.

பரணில் கிடக்கும் பல்லாங்குழியை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். பல்லாங்குழி இல்லாத வீட்டில் சாக்பீஸால் தரையில் ஆடுபுலிக் கட்டம் வரையுங்கள். பிள்ளைகளை அழைக்கும் முன், கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடிவிடுங்கள்.