பழகிய காது

ஒரு சாண் நீளம்கூட இல்லாத சின்னக் குழல். ஒரு முனை புனல் மாதிரி விரிந்திருக்கும், மறுமுனை தட்டை. பினார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கியது. விரிந்த முனையைக் கர்ப்பிணியின் வயிற்றில் பதித்து, மறுமுனையில் காதை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி, உள்ளே இருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பை எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடித்தால் குழந்தை நலம். கரண்டும் வேண்டாம், பாட்டரியும் வேண்டாம். பழகிய காது ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

குழந்தை பிறந்ததும் எல்லார் கண்ணும் குழந்தை மேலேயே இருக்கும். பேறு பார்த்த மருத்துவச்சியின் கை மட்டும் தாயின் அடிவயிற்றை விட்டு நகராது. கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா? தளர்ந்தால் ரத்தம் நிற்காது. அந்தக் கைதான் தாயைக் காப்பாற்றுகிறது.

2020ஐச் செவிலியர், மருத்துவச்சியர் ஆண்டாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. செவிலியப் பணியின் முன்னோடி ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து அப்போது 200 ஆண்டு. அதே வருடம்தான் கொரோனாவும் உலகெங்கும் பரவியது. உலகில் சுமார் 2 கோடியே 80 லட்சம் செவிலியர் இருப்பதாகவும், இன்னும் 59 லட்சம் பேர் தேவை என்றும் அப்போது கணக்கிட்டார்கள். அந்தக் குறையை இருக்கிறவர்களே இரவு பகலாகச் சுமக்கிறார்கள். கொரோனா காலத்தில் செய்ததுபோல் அவர்களுக்குக் கைதட்டினால் மட்டும் போதாது. காலியிடங்களை நிரப்ப வேண்டும், இரவுப் பணிக்குப் பாதுகாப்பு வேண்டும்.

உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசிப் பெட்டியோடு இன்று வரக்கூடும். நாற்காலி போட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள்.