அபராதத்தோடு தீராத குற்றம்
(காரிமங்கலம் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சிறிதளவு கஞ்சாவுடன் பிடிபட்ட நம் வாலிபர்களுக்கு இதுகாறும் நாம் கூறிய புத்தி யாது? "குற்றத்தை ஒப்புக்கொள், அபராதத்தைக் கட்டு, வீடு வந்து சேர்" என்பதே. தாய்மாரும் காரிமங்கலம் சந்தையில் கறவை மாட்டை விற்றுப் பணங் கட்டினர். அவ்யோசனை பிசகென இன்று ஒப்புக்கொள்கிறோம். அபராதம் ஒரே நாளில் தீரும். தண்டனை பெற்றவனென்னும் பதிவோ, உத்தியோகத்திற்கு மனுச் செய்யுந்தோறும் எதிரே வந்து நிற்கும்.

1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் 2001இல் திருத்தப்பட்டு, அளவுக்கேற்ற தண்டனை ஏற்பட்டது. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறு அளவு. அதற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அச்சட்டத்திலேயே 64ஏ என்றொரு பிரிவு உண்டு. சிறு அளவு வழக்கிற் சிக்கியவன் போதைக்கு அடிமையானவனாயின், சர்க்கார் அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில் தானே முன்வந்து சிகிச்சையை முழுதும் பெற்றால் வழக்கினின்று விடுபடலாம். நடுவில் நிறுத்தினால் அச்சலுகை பறிபோகக்கூடும். இதனை நாம் எவருக்கேனும் எடுத்துரைத்தோமா? (விற்று லாபந் தேடுவோருக்காக நாம் பரியவில்லை.)

எனினும், சபலத்தால் ஒரேமுறை தொட்டவன் அடிமையல்லனாதலின் அவனுக்கு இப்பிரிவு உதவாது. அவனன்றோ பரிதாபத்திற்குரியவன்! அபராதங் கட்டிச் சில வருஷம் நன்னடத்தையோடிருந்தோரின் பதிவை நீக்குமாறு பார்லிமெண்டுக்கு விண்ணப்பம் எழுதியுள்ளோம். அது காரியதரிசியிடம் இருக்கிறது, கையொப்பமிட வேண்டுகிறோம்.