குழாய் வழியே ஒரு வாய்ச் சோறு
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாங்கள் இங்கே படித்த காலத்தில், யார் டொக்டராக வரப்போகிறீர்கள் என்று கேட்டால் வகுப்பில் பாதிக்கு மேல் கை உயர்த்துவோம். தாதியாக வருவேன் என்று ஒருத்தியும் சொன்னதாக ஞாபகமில்லை.

இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை எங்கள் வீடுகளில் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்குத் தெரியும். சத்திரசிகிச்சைக்குப் பிறகும், கதிர்ச் சிகிச்சையில் வாய் புண்ணாகும்போதும் பலரால் விழுங்க முடிவதில்லை. மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விடுவோம். "குழாய் வழி உணவு" என்று எழுதிவிட்டு நாங்கள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். மிச்சம் தாதியருடையது.

குழாயின் நுனி இரைப்பையில்தான் இருக்கிறதா என்று ஊட்டுமுன் ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும். உறிஞ்சி எடுத்த நீரின் பி.எச். 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நல்லது. நுரையீரலுக்குள் உணவு போனால் ஆளையே இழந்துவிடுவோம். தலைமாடு 30 பாகையாவது உயர்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். நாட்கணக்காகப் பட்டினி கிடந்தவருக்கு எடுத்த எடுப்பிலேயே நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பொசுபேற்று இறங்கி இதயம் தடுமாறும்.

குழாயோடு வீட்டிலிருந்து கதிர்ச் சிகிச்சைக்கு வந்துபோன ஒரு ஐயா, வாரத்துக்கு வாரம் மெலிந்தார். முகம் வற்றி, கதிர் கொடுக்கும்போது அணியும் முகமூடியே தளர்ந்துவிட்டது. நோய் பரவிவிட்டதோ என்று நாங்கள் ஸ்கேனுக்கு எழுதினோம். ஒரு தாதி மட்டும் மனைவி கொண்டுவந்த போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மரக்கறி அவித்த தண்ணீர்! குழாய் அடைக்குமென்று பயந்து அந்த அம்மா எல்லாவற்றையும் வடித்து ஊற்றியிருக்கிறார். அவரைத் திட்டாமல் பக்கத்தில் இருத்தி, சோறு, பருப்பு, அவித்த முட்டை, கொஞ்சம் எண்ணெய் சேர்த்து மசிய அரைத்து வடிக்கும் விதத்தைத் தாதி சொல்லிக்கொடுத்தார். ஸ்கேனில் ஒன்றுமில்லை. மெலிவு நின்றது, சிகிச்சையும் முடிந்தது. வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறோம். போத்தலைப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்தத் தாதி இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. எங்களுக்கு நாலு வருடம் பின்னுக்கு.

ஊட்டும்போது அவரிடம் இன்னொரு பழக்கம். ருசி தெரியாத மனிதருக்கும் உள்ளே போவது என்னவென்று சொல்லுவார். ஒருநாள் நாங்கள் பக்கத்தில் நின்றோம். "ஐயா, இண்டைக்கு மீனும் சேர்த்திருக்கிறா அம்மா" என்றார். பேச முடியாத அந்த ஐயா, விரல் நீளம் காட்டி, நெத்தலியா என்று கண்ணால் கேட்டார்.

"இல்லை ஐயா, பாரை."