வயிற்றுக்கும் பரம்பரை உண்டா?

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



"எங்க பரம்பரைக்கே வயிறு சரியில்ல டீச்சர்" என்று தாய்மார்கள் சொல்வதுண்டு. அதே வீட்டில் பிள்ளை, "பால் குடிச்சா வயிறு வலிக்குதும்மா" என்றால், "சாக்கு சொல்றான், ரெண்டு போடுங்க டீச்சர்" என்பார்கள். இந்த இரண்டு பேச்சிலும் உண்மை எவ்வளவு?

நம் குடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடானு கோடி குடியிருக்கின்றன. கிருமி என்றாலே கெட்டது என்று எண்ணிவிட வேண்டாம். நாம் செரிக்காமல் விட்டதை உண்டு, நமக்கு உதவி செய்பவை இவற்றில் ஏராளம்.

பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை உண்டு. அதைச் செரிக்க வைப்பது சிறுகுடலில் உண்டாகும் லாக்டேஸ் என்ற நொதி. கைக்குழந்தைக்கு அது தாராளமாக இருக்கும். வளர வளர அது குறையுமா, நிலைக்குமா என்பது தாய் தந்தை கொடுத்த மரபணுவைப் பொறுத்தது. உலகில் பாதிப் பேருக்கு மேல் அது குறைந்துதான் போகிறது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று நம் நாட்டில் எல்லாரிடமும் இது சகஜம்.

செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்க, சிலருக்கு வயிறு உப்புகிறது, வலிக்கிறது, பேதியும் ஆகிறது. இப்படிப்பட்ட மரபணு உள்ளவர்கள் குடலில் பிஃபிடோபாக்டீரியம் என்ற நுண்ணுயிர் கூடுதலாக இருப்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அதற்கு மிச்சச் சர்க்கரைதான் விருந்து! ஆக, குடலில் யார் குடியிருப்பது என்பதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு.

2014-இல் பிரிட்டனில் 416 ஜோடி இரட்டையரைச் சோதித்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரின் குடல் நுண்ணுயிர்கள், மற்ற இரட்டையருடையதைவிட அதிகம் ஒத்திருந்தன.

ஆனால் பழி முழுவதையும் பாட்டன் பூட்டன் மேல் போட்டுவிட முடியாது. 2018-இல் இஸ்ரேலில் 1,046 பேரை ஆராய்ந்தவர்கள், மரபு வழியின் பங்கு 100-க்கு 2 முதல் 8 வரைதான் என்று கணக்கிட்டார்கள். உணவு, மருந்து, உடல்வாகு போன்றவற்றின் பங்கு 20-க்கும் மேல். இரத்த உறவே இல்லாவிட்டாலும், ஒரே வீட்டில் வாழ்பவர்களின் நுண்ணுயிர்கள் ஒத்திருந்தன. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் அல்லவா!

ஆகவே பெற்றோர்களே, பால் குடித்து வலிக்கிறது என்ற பிள்ளையை அடிக்காதீர்கள். அது பிடிவாதம் அல்ல, பிறவி அமைப்பாக இருக்கலாம். பாலைக் கொஞ்சமாக, சாப்பாட்டோடு கொடுத்துப் பாருங்கள். தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். முள்ளோடு தின்னும் நெத்திலியிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு. வலி விடாமல் இருந்தால் கிளினிக்கிற்கு அழைத்துப் போங்கள்.

"பரம்பரை வயிறு" என்று கைகழுவியும் விடாதீர்கள். கீரை, பயறு, காய்கறி தினமும் தட்டில் இருக்கட்டும். பிறப்பு கொடுத்ததை நம்மால் மாற்ற இயலாது. அடுப்பங்கரை நம் கையில்தான் இருக்கிறது.