அரசாணைக்கு அஞ்சாத குள்ளத் தெய்வம்



சிலையைக் கும்பிடுகிறவன் மூடன் என்று எத்தனையோ பேர் மேடையேறி முழங்கிவிட்டார்கள். அவர்களைக் கேட்கிறேன்: எகிப்தில் ஒரு பேரரசன் படையும் ஆணையும் உளியும் கொண்டு பழைய தெய்வங்களை ஒழிக்கப் புறப்பட்டானே, அவனால் முடிந்ததா?

அவன் பெயர் அக்கெனாத்தென். கி.மு. 14ஆம் நூற்றாண்டு. சூரிய வட்டமாகிய ஆத்தெனைத் தவிர வேறு தெய்வம் வேண்டாம் என்றான். கோயில் சுவர்களில் பழைய தெய்வமான ஆமுனின் பெயரைத் தேடித் தேடிக் கொத்தி எடுக்க வைத்தான். புதிய தலைநகரே கட்டினான். இன்று அதை அமர்னா என்கிறோம்.

அந்தத் தலைநகரின் பக்கத்திலேயே, கல்லறை வெட்டிய தொழிலாளர்களின் சிற்றூர். 1921-22இல் அங்கே தோண்டினார்கள். ஒரு வீட்டுச் சுவரில் யார் தெரியுமா? பெஸ்! குட்டைக் கால், சிங்கப் பிடரி, துருத்திய நாக்கு, பேய் பிசாசை விரட்டுகிற ஆட்டம்! கூடவே தவெரெத் என்கிற தாய்: நீர்யானை உடம்பு, சிங்கக் கால், முதலை முதுகு, நிறைமாத வயிறு. பிரசவத்தையும் பிள்ளையையும் காக்கிற தெய்வங்கள். இவர்களுக்காகப் பெருங்கோயில் எழவில்லை; கட்டிலிலும் கழுத்துத் தாயத்திலும் குடியிருந்தார்கள். அரசனின் மூக்குக்குக் கீழேயே குடியிருந்தார்கள்!

ஏன்? பெற்ற பிள்ளை பிழைக்குமா என்று தெரியாத வீடு அது. தேளும் பாம்பும் காய்ச்சலும் வாசலில் நின்றன. ஆத்தெனின் கதிர்கள் கைகளாக நீண்டு, உயிர்க்குறியை அரச குடும்பத்தின் முகத்தருகே நீட்டுவதாகத்தானே செதுக்கினார்கள்? கல்லுடைப்பவன் மனைவி பிரசவ வலியில் துடித்தபோது அந்தக் கை எங்கே போயிற்று?

இன்னொன்றும் கேளுங்கள். பழைய உருவங்களைத் துரத்திய அந்த நகரத்தில், வசதி படைத்தவர்கள் வீடுகளில் கும்பிடுவதற்கு என்ன இருந்தது? அரசனும் அரசியும் மகள்களும் செதுக்கப்பட்ட கல்! தெய்வத்தை இறக்கிவிட்டுத் தன் குடும்பத்தை ஏற்றி வைத்ததற்குப் பெயர் சீர்திருத்தமா?

அவன் இறந்த சில ஆண்டுகளில் அரசவை அந்நகரைக் கைவிட்டது. பெஸ்ஸோ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்தான். ரோமானியர் காலத்தில்கூட எகிப்தின் அபிடோஸில் அவனிடம் குறி கேட்டார்கள்.

பெஸ்ஸைக் கும்பிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அவனை வைத்துக்கொண்ட தாயை இகழாதீர்கள் என்கிறேன். இகழ்கிறவர் யாராயினும் எழுந்து சொல்லட்டும்: அன்று அவள் பிள்ளையின் கழுத்திலிருந்து அந்தத் தாயத்தை அறுத்திருந்தால், பதிலுக்கு அவள் கையில் எதைக் கொடுத்திருப்பீர்கள்?