காற்றோடு கும்மி கொட்டியவள்



கும்மிக் குழுக்களுக்குப் புது ஆள் சேராததற்குக் காரணம் வர மறுக்கும் இளையவர்களா, வழிவிட மறுக்கும் மூத்தவர்களா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கையில் செல்போன் இருக்கிறது, கும்மி கொட்டக் கை ஏது?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். தம்பி, நீங்க பேசி முடிச்சு உட்கார்ந்ததும் முதல் வேலையா எதைக் கையில எடுத்தீங்கன்னு நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்! (சிரிப்பு)

நான் தமிழாசிரியை. சிலப்பதிகாரத்தைத் தொடாமல் மேடையை விட்டு இறங்கினால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஆய்ச்சியர் குரவையை நினைத்துப் பாருங்கள். பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை. ஏதோ கேடு வரப்போகிறது என்று மாதரி அஞ்சுகிறாள். கண்ணகி பார்த்திருக்கக் குரவை ஆடுவோம் என்கிறாள். ஆட ஆள் வேண்டாமா? ஏழு இளம்பெண்களை அழைக்கிறாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஆளுக்கொரு சுரத்தின் பெயர் வைக்கிறாள். வட்டமாக நிறுத்துகிறாள். 'இந்தக் காலத்துப் பெண்கள் எங்கே வருகிறார்கள்' என்று அந்தக் கிழவி ஒரு வார்த்தை புலம்பினாளா? பெயர் கொடுத்தாள், நிற்க இடம் காட்டினாள். ஏழில் ஒரு சுரம் நீ என்று சொன்ன பிறகு எந்தப் பெண் வீட்டுக்கு ஓடுவாள்?

நாம் என்ன செய்கிறோம்? ஊரார் கதை வேண்டாம், என் கதையையே சொல்கிறேன். எங்கள் தெருவில் பொங்கலுக்குக் கும்மி ஆடும் பெண்கள் எட்டுப் பேர். எல்லோருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது. ஒருவருக்கு முட்டி அறுவை சிகிச்சை ஆகி, ஏழு பேர் ஆனோம். எதிரெதிராக நின்று கை கொட்டும் அடியில் ஏழு பேர் என்றால் ஒருத்தி காற்றோடுதான் கொட்ட வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பெண் வந்தாள். எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் வேலை. "டீச்சர், நானும் ஆடட்டுமா?" என்றாள்.

ஒத்திகை மாலை ஐந்து மணிக்கு. அவள் கடை முடிந்து வர இரவு ஒன்பதரை ஆகும். "வேலைக்குப் போற பொண்ணு, இது சரிப்பட்டு வராதும்மா" என்று சொன்னவள் யார்? நான்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட் ஓரமாக நின்று பார்த்தாள். "வாம்மா" என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

ஐயா, இது துறைமுகத்துப் பேட்டை. இங்கே வேலை மூன்று ஷிப்ட். காசிமேட்டில் மீன் ஏலம் விடியற்காலையில். பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு வசதியான நேரத்தை வைத்துவிட்டு, இளையவர்கள் வரவில்லை என்றால் எப்படி?

பொங்கலன்று பார்த்தால், பக்கத்துத் தெருக் குழுவில் முதல் வரிசையில் அந்தப் பெண்! எங்கள் குழுவில் காற்றோடு கை கொட்டியவள் யார் என்று கேட்கிறீர்களா? அதுவும் நான்தான். (சிரிப்பு) வெட்கத்தை விட்டு, "அங்க எப்படிம்மா சேர்ந்தே?" என்று கேட்டேன். "ராத்திரி பத்து மணிக்குக் கத்துத் தர்றாங்க டீச்சர். போன உடனே ஒரு அக்கா கையைப் புடிச்சிப் பக்கத்துல நிக்க வெச்சிக்கிட்டாங்க" என்றாள்.

அந்த அக்கா செய்ததைத்தான் அமெரிக்காவில் ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே சதுர ஆட்டம் என்று ஒன்று உண்டு. நான்கு ஜோடிகள், சதுரத்தின் நான்கு பக்கமும் நிற்பார்கள். அடுத்த அடி என்ன என்று ஒருவர் மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார். எட்டில் ஒருவர் குறைந்தால் சதுரம் உடைந்துவிடும். அங்கேயும் பல மன்றங்களில் தலை நரைத்தவர்கள்தான் மிச்சம். அதனால் புதியவர்களுக்கென்று வகுப்பு நடத்துகிறார்கள். ஆடத் தெரிந்தவர்கள் அந்த வகுப்புக்கு வந்து, தப்படி வைக்கும் புதியவரோடு ஜோடி சேர்ந்து ஆடிக் கொடுப்பார்கள். அவர்களுக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் 'ஏஞ்சல்'. தேவதை! நம் ஊரில் அந்த இடத்தில் நிற்பவருக்கு என்ன பெயர் வைப்பது என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள்.

அமெரிக்காவுக்கு ஏன் போக வேண்டும்? கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் அவர்கள் வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர். ஆண்களே ஆடிவந்த ஆட்டத்தை, மரபை மீறிப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2024-இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது அவருக்கு வயது 87. கொங்கு நாட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே திடலில் வள்ளி கும்மி ஆடும் விழாக்கள் நடந்திருக்கின்றன. வழிவிட்டார்கள், வந்தார்கள். (கைதட்டல்)

எங்கள் தெருவிலும் ஒத்திகையை இப்போது இரவு பத்து மணிக்கு மாற்றிவிட்டோம், மொட்டை மாடியில். எட்டாவது இடம் இன்னும் காலி. எதிரணித் தம்பி, "என் பொண்ணு எதுக்கும் வர மாட்டேங்கறா"ன்னு சொன்னீங்களே, அவளை யாராவது கூப்பிட்டுப் பார்த்தீங்களா? நான் கூப்பிடுகிறேன். நாளைக்கு அனுப்பி வையுங்கள். செல்போனோடவே வரட்டும், எங்களுக்குப் பாட்டுப் போட ஒரு போன் வேணும்!