மண்ணெண்ணெய்ப் போத்தலும் மாடிக் கட்டடமும்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் படித்த எங்களுக்கு மின்சாரம் விஞ்ஞானப் புத்தகத்தில் மட்டுமே இருந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். ஒரு போத்தல் மண்ணெண்ணெய் எத்தனை இரவுக்கு வரும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். திரியைக் கொஞ்சம் கூட்டினாலும் அம்மா அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்.

அப்படி வளர்ந்த நாங்கள் இன்று நியூயோர்க், ரொறன்ரோ, இலண்டன் என்று மாடிக் கட்டடங்களில் வாழ்கிறோம். உங்கள் கட்டடம் மாதத்துக்கு எவ்வளவு எரிக்கிறது என்று யாராவது கேட்டால் விழிப்போம். நியூயோர்க் நகரம் இந்தக் கேள்வியைச் சட்டமாகவே கேட்டுவிட்டது. அந்த நகரத்தின் பச்சைவீட்டு வாயுக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வருவது வாகனங்களிலிருந்து அல்ல, கட்டடங்களிலிருந்து. 2009இல் பெரிய கட்டடங்கள் தங்கள் சக்திப் பாவனையை ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும் என்றார்கள். 2019இல் வந்த 97ஆம் இலக்கச் சட்டம், 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு எல்லை வகுத்தது. எல்லையை மீறினால் மேலதிகமான ஒவ்வொரு தொன்னுக்கும் 268 டொலர் தண்டம். 2024ஆம் ஆண்டின் கணக்கே முதலாவது.

இதை எப்படி அளக்கிறார்கள்? புகைபோக்கியில் கருவி எதுவும் பொருத்துவதில்லை. பட்டியல்களைக் கூட்டுகிறார்கள், அவ்வளவுதான். மின்சாரம் ஒரு அலகுக்கு 0.289 கிலோகிராம் காபனீரொட்சைட்டு என்று பெருக்குகிறார்கள். எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் தனித்தனி எண்கள் உண்டு. மன்ஹாட்டனில் 1882 முதல் வீதிக்குக் கீழே குழாய்களில் நீராவி விற்கிறார்கள், அதற்கும் ஓர் எண் இருக்கிறது. 2024 முதல் 2029 வரை அடுக்குமாடி வீடுகளுக்கு ஆண்டுக்குச் சதுர அடிக்கு 6.75 கிலோகிராம் எல்லை. வைத்தியசாலைக்கு 23.81. எங்களுக்கு ஏன் இவ்வளவு தாராளம் என்று கேட்பீர்கள். சத்திரசிகிச்சைக் கூடத்தின் காற்றை மணிக்கு 20 தடவை மாற்ற வேண்டும். அதைக் குளிராக்கி, ஈரப்பதன் பார்த்து, வடிகட்டி அனுப்ப வேண்டும். இதற்கு மேலும் இலாபநோக்கற்ற வைத்தியசாலைகள் சலுகை கேட்க இடமிருந்தது. 2018இல் வெளியிட்டதில் 85 வீதத்துக்குள் நின்றால் 2029 வரை போதும்.

நாங்கள் மயக்கமருந்துப் பிரிவில் இருப்பவர்கள். இது கட்டடப் பொறியியலாளரின் தலையிடி என்றே நெடுநாள் இருந்தோம். ஒருநாள் அவர் மணித்தியால வாசிப்பு வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். எந்த வைத்தியரும் பார்த்தவுடன் பயப்படும் வரைபடம் அது. நள்ளிரவுக்கும் நண்பகலுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. நோயாளி எவருமில்லாத கூடங்களில் விடிய விடிய 20 தடவை காற்று மாறிக்கொண்டிருந்தது. தொற்றுத் தடுப்புப் பிரிவினர் குறைக்க மறுத்தார்கள். அவர்களுடைய பயம் நியாயமானது. கூடத்துக்குள் அழுத்தம் குறைந்தால் வெளிக்காற்று உள்ளே வந்துவிடும். அழுத்தத்தை விடாமல் காற்றின் அளவை மட்டும் குறைக்கலாம், அவசர சிகிச்சைக்கு ஒரு கூடத்தைத் தொடவே வேண்டாம் என்று இணங்குவதற்குள் பல மாதங்கள் போய்விட்டன.

ஆனால் எங்களை உறுத்தியது வேறொன்று. இந்தச் சட்டம் பட்டியலில் வருவதை மட்டுமே எண்ணுகிறது. நாங்கள் கையால் கொடுக்கும் மயக்க வாயுக்கள் அதில் இல்லை. நோயாளியின் உடல் அவற்றில் மிகச் சிறிய பங்கையே மாற்றுகிறது, மிச்சம் அப்படியே கூரைவழியாக வெளியே போகிறது. டெஸ்புளூரேன் 240 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று ஏறக்குறைய 890 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமம். நகரத்தின் கணக்குப்படி மூவாயிரம் அலகுக்கு மேற்பட்ட மின்சாரம். கைக்குள் அடங்கும் போத்தல்! அதே வேலையைச் செய்யும் செவோபுளூரேன் 250 மில்லிலீற்றர் போத்தல் 50 கிலோகிராம் அளவில்தான் வரும். டெஸ்புளூரேன் கொடுத்தால் நோயாளி விரைவாகக் கண்விழிப்பார் என்பது உண்மை. பருமனான நோயாளிகளில் அது உதவும் என்று எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. ஸ்கொட்லாந்து 2023இல் அதை நிறுத்தியது, இங்கிலாந்து 2024இல். அங்கே நோயாளிகள் கண்விழிக்காமல் இல்லை. நாங்களும் அலுமாரியிலிருந்து எடுத்துவிட்டோம். இதனால் தண்டத்தில் ஒரு டொலர்கூடக் குறையவில்லை, நகரத்துக்குக் கொடுக்கும் அறிக்கையிலும் வரவில்லை. எங்கள் பிரிவில் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்.

மிச்சமிருப்பது நைதரசு ஒட்சைட்டு. சுவருக்குள் ஓடும் குழாய்களில் அது கசிகிறது. வாங்கிய சிலிண்டர்களையும் நோயாளிகளுக்குக் கொடுத்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது, வாங்கியதில் பெரும்பங்கு எந்த நோயாளியையும் சேரவில்லை என்று தெரிந்தது. குழாயை மூடிவிட்டு, தேவைப்படும் இடத்துக்குச் சிறிய சிலிண்டரைக் கொண்டுபோகலாம் என்கிறோம். பிரசவ விடுதித் தாதியர் இன்னும் சம்மதிக்கவில்லை. நள்ளிரவில் சிலிண்டர் தீர்ந்தால் யார் ஓடுவது என்று கேட்கிறார்கள். திரும்பிப் போனதும் முதல் கூட்டம் அதைப்பற்றித்தான்.